நிக்கோலையின் டம்ளரும் கொட்டை எடுத்த சுளையும்

இன்று காலை அந்தக் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோது கை நழுவப் பார்த்தது. பட்டை பட்டையாக வெட்டிய கனத்த டம்ளர், உனக்கு நினைவிருக்கும். நீ இரண்டு முறை சிமெண்டுத் தரையில் போட்டும் உடையாதது. சமையல் மேடையில் அரைப் பலாப்பழம் கிடக்கிறது. வாசனை தெருக்கோடி வரைக்கும் போகிறது. பக்கத்துத் தட்டில் ரொட்டித் துண்டு. கூடத்தில் டிவி ஓடுகிறது, மாஸ்கோவில் படைகள் அணிவகுத்துப் போகின்றன. மே ஒன்பது. போன தையில் நீ போய்ச் சேர்ந்த பிறகு வருகிற முதல் மே ஒன்பது.

எனக்கு விடிந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். "ஒரு எடத்துல உக்காருங்களேன், பாக்குற எனக்கே கிறுகிறுன்னு வருது" என்கிறாள் என் வீட்டுக்காரி, நீ தங்கச்சி என்று கூப்பிடுகிறவள். அவளுக்கும் தெரியாத விஷயம் ஒன்றை நான் வைத்திருக்கிறேன். உன் அம்மா என்னிடம் சொன்னது. உன்னிடம் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னது. சத்தியம் வாங்கியவள் போய் எவ்வளவோ காலமாயிற்று. இப்போது நீயும் இல்லை. இனி யாருக்காகப் பொத்தி வைப்பது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலிலிருந்துதான் வருவேன். கதையை நடுவில் தொடங்கிக் கேட்கிறவனைக் குழப்புவது உன் வேலை.

எழுபதுகள் தொடங்கிய நேரம். நாம் இருவரும் தெர்மலில், அதாவது அனல்மின் நிலையத்தில், டர்பைன் ஹாலில் ஃபிட்டர்கள். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன். நீ இந்த மண்ணுக்காரன். வீட்டையும் நிலத்தையும் சுரங்கத்துக்குக் கொடுத்து, அதற்குப் பதிலாக வேலைக்கு வந்தவன். "உங்களுக்கெல்லாம் இது மைன்ஸு, எங்களுக்கு இது எங்க கொல்லைடா" என்று கேன்டீனில் எல்லோரையும் மிரட்டுவாய். தெர்மலில் ஓடிய இயந்திரங்கள் ரஷ்யாவிலிருந்து வந்தவை. சுரங்கத்தில் மண் வெட்டிய ராட்சச இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. ஆகவே டவுன்ஷிப்பில் ரஷ்யாக்காரர்களும் இருந்தார்கள், ஜெர்மன்காரர்களும் இருந்தார்கள். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பது நமக்கு ஓயாத பேச்சு. உலகப் போர் என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் நாலு வரி. இங்கிலீஷ்காரனும் அமெரிக்காக்காரனும் ஜெயித்தார்கள், பரீட்சையில் அதை எழுதினால் போதும். உனக்கு அந்த நாலு வரியும் தெரியாது. உனக்குப் போர் என்றால் உன் அப்பா.

நீ வயிற்றில் இருந்தபோது பட்டாளத்துக்குப் போனவர். பர்மா பக்கம் அனுப்பினார்கள் என்று ஒரு சேதி வந்தது. பிறகு, காணவில்லை என்று ஒரு சேதி. அதோடு சரி. செத்துவிட்டார் என்று யாரும் வந்து சொல்லாததால் உன் அம்மா பூவையும் பொட்டையும் எடுக்கவில்லை. ஊர் ஜாடை பேசியது, அவள் மசியவில்லை. சுரங்கத்துக்காக ஊரையே காலி செய்யச் சொன்னபோதும் அவளுக்கு இருந்த ஒரே கவலை, வருகிறவர் எங்கே என்று தேடுவார் என்பதுதான். கம்மாபுரம் பக்கம் புது வீட்டுக்குப் போன பிறகு, பழைய ஊருக்குப் பிரிகிற பாதையில் இருந்த டீக்கடையில் சொல்லி வைத்திருந்தாள்: மிலிட்டரிக்காரர் யாராவது வந்து விசாரித்தால் வீட்டுக்கு வழி காட்டுங்கள் என்று. கடை கைமாறும்போதெல்லாம் நடந்து போய்ப் புது ஆளிடமும் சொல்லிவிட்டு வருவாள்.

உன் கவலை வேறு. டர்பைன் சத்தத்தில் என் காதருகே கத்தித்தான் அதை நீ முதலில் சொன்னாய். "செத்துப் போயிருந்தார்னா அந்த மனுஷனுக்கு ஒரு வாய் சோறு வைக்க ஆளில்லடா. புள்ள நான் இருக்கேன். இருந்தும் வைக்க முடியல."

தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசை இருக்கிறதே, ஆற்றில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வாயேன் என்றேன். பெரிய யோசனை சொன்ன மாதிரி எனக்கே ஒரு பெருமை. நீ முறைத்தாய்.

"நான் சேத்தியாத்தோப்புல ஆத்துல எறங்கினா, கரை ஏர்றதுக்குள்ள சேதி வூட்டுக்குப் போயிடும். பெத்த புள்ளையே தெவசம் பண்ணிட்டான்னா அப்புறம் எங்கம்மா எந்த மூஞ்சியோட பொட்டு வச்சிக்கும்?"

அப்பாவுக்குச் சோறு வைத்தால் அம்மாவைத் தாலியறுத்த மாதிரி. வைக்காவிட்டால் அப்பா பட்டினி. ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டேன்.

நம் யூனிட்டுக்கு ரஷ்யாவிலிருந்து நிபுணராக வந்தவர் நிக்கோலை. இடது கையில் இரண்டு விரல் இல்லாதவர். இரும்புக் கம்பியின் ஒரு முனையை பேரிங் மேலும் மறு முனையைக் காதிலும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஓடுகிற சத்தத்தில் கோளாறு ஏதும் கேட்கிறதா என்று வெகுநேரம் நிற்பார். அரைகுறை இங்கிலீஷும் கொஞ்சம் தமிழும் பேசுவார். "கொஞ்சம் பொறு" என்பது மட்டும் அவர் வாயில் சுத்தமாக வரும். அந்த மனிதர் ஒரு மே ஒன்பதாம் தேதி, ஷிப்ட் முடிந்ததும் நம் கேங்கைத் தன் குவார்ட்டர்ஸுக்குக் கூப்பிட்டார். ஜெர்மனியை ஜெயித்த நாள் என்றார்கள். கறியும் பாட்டுமாக இருக்கும் என்று நீ வெள்ளைச் சட்டை போட்டு, படிய வாரிக்கொண்டு வந்தாய்.

போனால் துக்க வீடு மாதிரி இருந்தது. மேஜை மேல் ராணுவ உடையில் ஓர் இளைஞனின் படம். படத்துக்கு முன்னால் இந்த டம்ளர் நிறைய வோட்கா. அதை மூடினாற்போல் மேலே ஒரு ரொட்டித் துண்டு. அவரும் இன்னும் சில ரஷ்யர்களும் எழுந்து நின்றார்கள். ஒருவர் டம்ளரோடு இன்னொருவர் இடிக்காமல், பேசாமல் குடித்தார்கள். பிறகு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள்.

நீ என் விலாவில் இடித்தாய். "இன்னாடா இவங்க, படையல் வச்சிட்டு காக்காவுக்கு வைக்காமலே துன்றாங்க?"

நான் வேட்டியைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்துவிட்டாய். டம்ளரையும் ரொட்டியையும் படத்துக்கு முன்னாலிருந்து அலுங்காமல் எடுத்துக்கொண்டு போய், பின்பக்கச் சுவர் மேல் வைத்து, கா, கா என்று கூப்பிட ஆரம்பித்தாய். உள்ளே ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. நிக்கோலை முகம் சிவக்க வெளியே வந்தார். அதற்குள் ஒரு காக்கை வந்து ரொட்டியைக் கொத்திவிட்டது. அவர் கையை ஓங்கிவிட்டார் என்றே நினைத்தேன். நம் வேலை போயிற்று என்றும் நினைத்தேன்.

நீ பயப்படவே இல்லை. உள்ளே படத்தைக் காட்டினாய், காக்கையைக் காட்டினாய், கும்பிட்டாய். மொழிபெயர்க்க மெட்ராஸிலிருந்து வந்திருந்த பையன் எடுத்துச் சொன்னான்: இந்த ஊரில் செத்தவர்கள் காக்கையாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், அதற்குப் பிறகுதான் வீட்டில் இருப்பவர்கள் சாப்பிடுவார்கள் என்று. நிக்கோலை அந்தக் காக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒன்று கேட்டார்.

"அவ்வளவு தூரத்திலிருந்து இங்கே வர அதற்கு வழி எப்படித் தெரிந்தது?"

"பசிக்குதில்ல சார்? பசிச்சா வழி தெரியும்" என்றாய் நீ.

காக்கை ரொட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்தது. போன சனியன் எதிர்த் தெருவில் ஒரு ஜெர்மன்காரர் வீட்டு மாடியில் போய் உட்கார்ந்தது. "பாரு, எங்க போய் குந்திகினு துன்னுது பாரு" என்று நீ சத்தமாகச் சொல்ல, அந்தப் பையன் அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துத் தொலைத்தான். நிக்கோலை சிரித்தார். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தார், உட்கார்ந்த பிறகு அழுதார். "சாப்பிடட்டும். அந்த வீட்டிலும் பசியோடு யாராவது இருப்பார்கள்" என்றார். அதை நீ சாகும் வரைக்கும் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் டர்பைன் ஹால் தரையில் சாக்கட்டியால் அவர் படம் போட்டுச் சொன்னதுதான் நான் படித்த ஒழுங்கான சரித்திரப் பாடம். ஜெர்மன் படை உள்ளே வந்த வழி, இவர்கள் ஊர் ஊராகப் பின்வாங்கிய வழி, பனியில் நின்றுவிட்ட இடம், அங்கிருந்து திருப்பி அடித்துக்கொண்டே பெர்லின் வரைக்கும் போன வழி. விரல்கள் குண்டுபட்டுப் போனவை என்று நாம் நினைத்திருந்தோம். குளிரில் கறுத்துப் போயின என்றார். படத்தில் இருந்தது அவருடைய அண்ணன். ஒவ்வொரு சிப்பாய்க்கும் விரல் அளவுக்கு ஒரு குப்பி கொடுப்பார்களாம்; பெயரும் ஊரும் எழுதிய சீட்டை அதற்குள் போட்டு வைத்துக்கொள்ளவேண்டும், செத்தால் அடையாளம் தெரிய. எழுதி வைத்தால் சாவு வந்துவிடும் என்று பயந்து பலர் வெறும் சீட்டையே வைத்துக்கொண்டார்களாம். அண்ணனும் அப்படி. அதனால் எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஊராவது இருக்கிறதா என்றால், அதையும் எரித்துவிட்டார்கள். "அண்ணன் வந்தாலும் எங்கே வருவான்?" என்றார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நம் இருவருக்கும் அந்த டீக்கடைதான் நினைவுக்கு வந்தது.

"எங்கம்மாவும் அந்தச் சீட்டுல எழுத மாட்டேன்னுதான் சொல்லிகினு இருக்குது" என்று முணுமுணுத்தாய். பிறகு அவரிடம் பர்மா எங்கே என்று கேட்டாய். அவர் சாக்கட்டியோடு நாலு எட்டுத் தள்ளிப் போய்த் தரையில் ஒரு புள்ளி வைத்தார். ஒரே போர் என்றார். உனக்கு அதுவரைக்கும் அது தெரியாது. உன் அப்பா தனியாக ஒரு சண்டைக்குப் போய்த் தனியாகக் காணாமல் போனார் என்றே நினைத்திருந்தாய். அண்ணனுக்குத் திதி என்றைக்கு என்று கேட்டாய். தெரியாது, தெரியாதவர்கள் எங்களில் எண்ணி முடியாத பேர், எல்லோருக்கும் சேர்த்து அந்த ஒரு நாள் என்றார். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகும்போதுதான் சொன்னாய்.

"மே ஒம்பதுன்னா எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாதுடா."

அடுத்த வருஷம் மே ஒன்பது காலையில் தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், காடாம்புலியூரிலிருந்து வாங்கிய பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நிக்கோலை வீட்டுக்கு வந்தாய். அண்ணன் படத்துக்கு முன்னால் டம்ளர், ரொட்டி, பக்கத்தில் வாழையிலையில் உன் அப்பாவுக்குச் சோறும் பலாச்சுளையும். உன்னிடம் படம் இல்லை. "அதே படம் ரெண்டு பேருக்கும் இருக்கட்டும்" என்றார் நிக்கோலை. எல்லாவற்றையும் எடுத்துப் போய்ச் சுவர் மேல் அவரே வைத்தார். கா, கா என்று அவர் கூப்பிட்ட குரலுக்கு எந்தக் காக்கை வரும்? வந்தது.

தன் நாட்டுக்குத் திரும்பும்போது நிக்கோலை டம்ளரை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை உன் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. என் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தது; கூடவே மே ஒன்பதும் வந்து சேர்ந்தது. வோட்காவுக்கு எங்கே போவது? பட்டாளத்துக்காரருக்கு ரம்தான் முறை என்றாய். கடைசியில் உன் டாக்டர் மிரட்டிய பிறகு டம்ளரில் தண்ணீர். கேன்டீனில் யாராவது உலகப் போர் என்று வாயெடுத்தால் போதும், "பெர்லின் வரிக்கும் நடந்தது யாரு? அத்த மொதல்ல சொல்லு" என்று டீயை வைத்துவிட்டு எழுந்து நிற்பாய். சாக்கட்டி இல்லாவிட்டால் சாம்பாரைத் தொட்டு மேஜையில் ரஷ்யா வரைவாய். மைன்ஸ்காரர்கள் உனக்கு நிக்கோலை மச்சான் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இவ்வளவு வீரமும் மே ஒன்பதாம் தேதி சாயந்திரம் வடிந்துவிடும். சைக்கிளை எடுக்காமல் என் வாசலில் நின்றுகொண்டிருப்பாய். "அம்மாவ ஏமாத்திகினு இருக்கேன்டா. வூட்டுக்குப் போனா அது மூஞ்சியப் பாக்க முடியல" என்பாய். வருஷா வருஷம் இதே பேச்சு. நான் ஒரு பதிலும் சொன்னதில்லை. இதோ, இப்போதுதான் சொல்லப் போகிறேன்.

ஒரு வருஷத்திலிருந்து நான் சுளையில் கொட்டையை எடுத்துவிட்டு வைக்க ஆரம்பித்தேன், ஞாபகம் இருக்கிறதா? காக்கைக்குத் தொண்டையில் மாட்டும் என்று சொன்னேன். "உங்க ஊரு காக்காவுக்கு ஊட்டி வுடணுமா? எங்க ஊரு காக்கா தானே துப்பும்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாய்ச் சிரித்தாய். பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அந்தக் கேலியை விடவில்லை. எடுத்த கொட்டைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, சுட்டுத் தின்னலாம் என்று எடுத்துப் போவாய். சுளையை விட உனக்குக் கொட்டைதான் பிடிக்கும்.

அது காக்கைக்காக இல்லை. நிக்கோலை போன அடுத்த வருஷம், சித்திரை முதல் வாரம், உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். எனக்குக் கலர் சோடா வாங்கி வருகிறேன் என்று நீ கடைக்குப் போயிருந்தாய். உன் அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு. தலை நிமிராமலே பேசினாள்.

"தம்பி, இந்த வருஷம் உன் குவார்ட்டர்ஸ்லதான் வைக்கிறீங்களா?"

ஒன்றும் தெரியாதவன் போல என்னம்மா என்றேன்.

"வருஷத்துக்கு ஒரு நாள், இந்த வெயில்ல, தலைக்குத் தண்ணி ஊத்திகினு வெறும் வயித்தோட போறான். கேட்டா வயித்து வலின்றான். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் வர்ற வயித்து வலி எதுப்பா? போன வருஷம் அந்த ரஷ்யாக்காரரு பஸ் ஸ்டாண்டுல அவன் கூட நின்ன என்னப் பாத்து, என் கைய எடுத்துக் கண்ணுல வச்சிகினாரு. அப்பவே தெரிஞ்சு போச்சு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் ஒரு சுளையைப் பிளந்து கொட்டையை எடுத்தாள். "குந்து. ஒண்ணு சொல்றேன். சுளைய அப்பிடியே வைக்காதீங்க. கடிக்கும்போது பல்லுல கொட்டை தட்டினா அவருக்குக் கோவம் வரும். நான்தான் எடுத்து எடுத்துக் குடுப்பேன்."

"அம்மா, அப்போ நீங்க..." என்று இழுத்தேன். பொட்டைத்தான் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வந்தா வரட்டும். நான் வழி பாத்துகினுதான் இருக்கேன். வரலன்னா, பசியோட இருக்கக் கூடாது இல்ல? ரெண்டுக்கும் ஆள் வேணும். நான் இதப் பாத்துக்கறேன், அவன் அதப் பாத்துக்கட்டும். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சா வைக்கிறத நிறுத்திடுவான். அப்புறம் அவருக்கு யாரு வைப்பா? சொல்ல மாட்டேன்னு என் கையில அடிச்சுக் குடு."

எண்ணெய்க் கையில் அடித்துக் கொடுத்தேன். வாசலில் உன் சைக்கிள் மணி கேட்டது.

அவள் போனபோது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். தலை நிறையப் பூவோடு படுத்திருந்தாள். ஊர்ப் பெண்களெல்லாம் வரிசையாக வந்து அவள் நெற்றியிலிருந்து குங்குமம் எடுத்துக்கொண்டார்கள். ஜாடை பேசியவர்களும் எடுத்துக்கொண்டார்கள். நீ பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு ஒழுங்கா செஞ்சிருக்கேன்டா. கடைசி வரிக்கும் அதுக்குத் தெரியாம பாத்துகினேன்." அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்? அதற்குப் பிறகு நீ ஆற்றில் இறங்கி அமாவாசை கொடுத்தாய், ஊரறிய. ஆனாலும் மே ஒன்பதை விடவில்லை. நிக்கோலை அண்ணனுக்கு யார் வைப்பார்கள் என்றாய். இன்றைக்குச் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். சொல்லியிருந்தால் அந்தச் சாயந்திரங்களில் நீ நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாயா, அல்லது அந்தப் பெருமையும் போயிருக்குமா? எனக்கு இன்னும் தெரியவில்லை. இன்று நான் நடையாய் நடப்பதும் இதனால்தான்.

உன் கடைசி மூன்று வருஷமும் இந்த டிவி வேறு, ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் சண்டை என்று. நிக்கோலை சாக்கட்டியால் வரைந்தாரே ஒரு பெரிய ஆறு, தினீப்பர், தன் ஊர் அதன் கரையில் என்று. அந்தப் பெயர் செய்திகளில் வரும்போதெல்லாம் நீ நிமிர்ந்து உட்காருவாய். ஆற்றின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நாம் பாட்டுக்கு எல்லோரையும் ரஷ்யாக்காரர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். "இவரு இப்ப எந்தப் பக்கம்டா?" என்று நீ கேட்டாய். "ஒரே சட்டியில கஞ்சி குடிச்சோம்னு சொன்னாரேடா, ரஷ்யன், உக்ரைன்காரன், கசாக்குன்னு எல்லாரும்." எழுந்து போய் டிவியை அணைத்தாய். போன மே ஒன்பதில் ரொட்டியை நீயே இரண்டாகப் பிட்டு வைத்தாய். இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று என்றாய். அதுதான் நீ கடைசியாக வைத்தது.

நம் தெர்மலை நிறுத்திவிட்டார்கள், உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போனால் சத்தமே இல்லாமல் இருப்பது இன்னும் எனக்குப் பழகவில்லை. உன் மகன் காலையில் போன் செய்தான். அமாவாசைக்கு அவன் தவறாமல் கொடுக்கிறான், நல்ல பையன். "மாமா, அந்த மே ஒன்பது எதுக்கு இனிமே? உங்களுக்கும் வயசாகுது" என்றான். சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் சொல்வதும் நியாயம்தான். உன் குலமும் என் குலமும் வேறு, ரஷ்யாவுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யாருக்கோ யாரோ வைக்கிற சோறு இது. ஆனால் வைக்காமல் கைகால் ஓடவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் கையில் எண்ணெய் தடவிக்கொண்டேன்.

இப்போது மாடிக் கைப்பிடிச் சுவரில் எல்லாம் இருக்கிறது. டம்ளரில் தண்ணீர், இரண்டாகப் பிட்ட ரொட்டி. உன் அப்பாவுக்குச் சோறும், உன் அம்மா சொன்னபடி கொட்டை எடுத்த சுளையும். பக்கத்தில் இந்த வருஷம் புதிதாக இன்னொரு இலை வைத்திருக்கிறேன். அதில் உள்ள சுளைக்கு மட்டும் கொட்டையை எடுக்கவில்லை.